'தெரியல'ன்னா தெரியலன்னு அர்த்தமா?

தமிழர்கள் இங்கிலீஷ்ல பண்ற தப்புகள்னு ஒரு பட்டியல் பல வருஷமா சுத்திக்கிட்டே இருக்கு. முன்னாடி மெயில்ல வந்துச்சு, இப்ப வாட்ஸப்ல வருது. 'ரிவர்ட் பேக்'னு எழுதாதே, 'கசின் பிரதர்'னு சொல்லாதே, 'ப்ரீபோன்' பண்ணாதே, காலேஜ்லருந்து 'பாஸ் அவுட்' ஆகாதே (மயங்கி விழுறதுன்னு அர்த்தமாம்).

எனக்கு இந்தப் பட்டியல் மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இதுல இருக்கிற எதனாலயும் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்ல. கசின் பிரதர்னு சொன்னா கேக்கிறவனுக்கு நல்லாவே புரியுது. ப்ரீபோன் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளயே போய் உக்காந்தாச்சு. நிஜமான கண்ணி இருக்கிறது ஒண்ணாங்கிளாஸ் வார்த்தைகள்லதான். யெஸ், ஸீ, வீ, கோல்டு, புட்... இதையெல்லாம் சொல்றவனுக்கும் சந்தேகம் வராது, கேக்கிறவனுக்கும் சந்தேகம் வராது. ஆனா ரெண்டு பேர் மனசுலயும் வேற வேற படம் ஓடிக்கிட்டிருக்கும்.

இது எனக்கு உறைச்சது என் சித்தி மகனாலதான். நமக்கு ஊர் பழனி. அவன் மலைமேல, பெருமாள்மலையில இருக்கான். சொந்தமா ஒரு டாக்ஸி, பாதிக்கு மேல பேங்க்குக்குச் சொந்தம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். ஏப்ரல், மே சீசன்ல தமிழும் மலையாளமுமா கூட்டம் வந்துடும், பிரச்னை இல்ல. மத்த மாசங்கள்ல டியூ கட்டணும்னா வடக்கத்திக்காரங்களும் வெளிநாட்டுக்காரங்களும் வந்து ஏறணும். அதுக்காக 'முப்பதே நாளில்' ரகப் புத்தகம் ஒண்ணை வாங்கி, ஸ்டியரிங்ல சாத்தி வச்சுப் படிச்சு, முழுசா மனப்பாடம் பண்ணிட்டான். 'நான் தங்களுக்கு மிகவும் கடமைப்பட்டுள்ளேன்'கிறதை இங்கிலீஷ்ல அட்சரம் பிசகாமச் சொல்லுவான். (இதைப் போய் எந்த டிரைவர் எந்தக் கஸ்டமர்கிட்ட சொல்லப் போறான்?)

ஒருநாள் ஒரு வெளிநாட்டுத் தம்பதியை கோக்கர்ஸ் வாக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். தெரியாதவங்களுக்கு: அது மலை விளிம்புல 1872-ல போட்ட நடைபாதை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மேகமூட்டம் இல்லாத நாள்ல பெரியகுளம், வைகை அணைன்னு சமவெளி மொத்தமும் காலடியில விரிஞ்சு கிடக்கும். அன்னைக்கு வெள்ளை மேகம் ஏறி பக்கத்துல நிக்கிற ஆளே மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கான். அந்தம்மா, இங்கருந்து டேம் பார்க்க முடியுமான்னு கேட்டிருக்கு. நம்மாளு மனசுல வந்த பதில், 'இன்னைக்குத் தெரியாதுங்க'. வாயில வந்த இங்கிலீஷ், 'டுடே நாட் நோ, மேடம்'. அடுத்து, அந்தப் பக்கம் என்ன ஊர்? அதுவும் மேகத்துக்குள்ள. 'நாட் நோ'. அந்த மலை? 'நாட் நோ, சார்.'

அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன், பன்னெண்டு வயசுலருந்து அந்த மலையெல்லாம் ஏறி இறங்கினவன், ஒண்ணுமே தெரியாத டிரைவர்னு பேர் வாங்கிட்டுத் திரும்பி வந்தான்.

"அண்ணே, நான் சரியாத்தானே சொன்னேன்? தெரியலன்னா நாட் நோ தானே?"

யோசிச்சுப் பாருங்க. 'தெரியல'ங்கிற ஒரே வார்த்தை நமக்கு ரெண்டு வேலை செய்யுது. கண்ணுக்குப் படலன்னாலும் தெரியல, அறிவுக்கு எட்டலன்னாலும் தெரியல. அந்த முப்பது நாள் புத்தகத்துல 'தெரியும்' பக்கத்துல ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைதான் போட்டிருந்துச்சு. தப்பு அவன் பக்கமா, அச்சடிச்சவன் பக்கமா?

வேடிக்கை என்னன்னா, இதுக்கான சாவியும் தமிழ்லயே இருக்கு. 'பாத்தேன், ஆனா தெரியல'ன்னு சொல்றோம்ல? 'பார்' நாமளா செய்யற வேலை. 'தெரி' தானா நடக்கிறது. இங்கிலீஷ்ல இதே பிரிவினைதான் லுக்கும் ஸீயும். நாமளா கண்ணைத் திருப்பினா லுக். தானா கண்ணுல பட்டா ஸீ. அவன் கஸ்டமர்களுக்குக் காட்டெருமையைக் காட்டும்போது, 'ஸீ சார், ஸீ, ஸீ!'ன்னு கத்துவான். நம்ம ஊர் இங்கிலீஷ்ல அது சகஜம். பழக்கமில்லாத காதுக்கு, 'இதோ பாருங்க, நான் சொல்றதைக் கேளுங்க'ன்னு சண்டைக்கு வர்ற தொனி. "எங்கெல்லாம் தமிழ்ல 'பாருங்க'ன்னு வருதோ அங்க லுக் போடு, 'தெரியுதா'ன்னு வர்ற இடத்துல ஸீ போடு"ன்னேன். நூத்துக்கு நூறு பொருந்தாது, டிவி பாக்கிறதுக்கு வாட்ச்னு மூணாவது ஒண்ணு இருக்கு. ஆனா மலைமேல டாக்ஸி ஓட்ட இது போதும். ஒரு நிமிஷத்துல பிடிச்சுக்கிட்டான். ஏற்கனவே அவன்கிட்ட இருந்த வித்தியாசம்தானே, புதுசா எதுவும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

அன்னையிலருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை போன் வரும். "அண்ணே, ஒரு வார்த்தை மாட்டிருச்சுண்ணே." மொழிபெயர்ப்பு ஆப் எதுக்கு இருக்குன்னு கேப்பீங்க. காட் ரோட்டுல பாதி வளைவுல சிக்னல் கிடையாது, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும். போதுமா?

நிற்க. இப்ப சொல்லப்போறதுதான் காசு போன கதை.

ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருந்த ரெண்டு பேர், மூணு நாளைக்கு வண்டி கேட்டு வந்திருக்காங்க. டிசம்பர் மாசம், மூணு நாள்ங்கிறது அவனுக்கு டியூல பாதி. எல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசியா ஒரு கேள்வி: 'நாளைக்கு உங்களுக்கு வேற புக்கிங் எதுவும் இல்லையே?' இங்கிலீஷ்லயும் இப்படி எதிர்மறையாத்தான் கேட்டிருக்காங்க. இவன் சந்தோஷமா 'யெஸ்'னுட்டான். அவங்க முகம் மாறிடுச்சு. 'ஓ, அப்ப இருக்கா?' இவன், அய்யய்யோ இல்லவே இல்லங்கிறதுக்காக, 'நோ, நோ'. 'அப்ப இல்லையா?' 'யெஸ், யெஸ்.' ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு, பரவாயில்லன்னு சொல்லிட்டு, அடுத்த வண்டிக்குப் போயிட்டாங்க.

ராத்திரி போன்ல குரலே சரியில்ல. "காசு போனாப் போகுதுண்ணே. பொய் சொல்றான்னு நெனச்சுட்டாங்கண்ணே. அதான் தாங்கல."

தமிழ்ல 'வரலையா?'ன்னு கேட்டா 'ஆமா, வரல'ம்போம். எதிராளி சொன்னது சரிங்கிறதுக்கு ஆமா. இங்கிலீஷ்ல எதிராளி எப்படிக் கேட்டான்ங்கிறதே கணக்கில் கிடையாது. இருக்குன்னா யெஸ், இல்லன்னா நோ, அவ்வளவுதான். 'ஆமா, இல்லை'ங்கிற கூட்டணிக்கே அங்க இடமில்ல. ஜப்பான்காரங்களும் நம்ம கட்சிதான், அவங்க 'ஹாய்'யும் கேட்டவனோட ஒத்துப்போறதுதான். பிரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் இந்தக் குழப்பத்துக்குன்னே மூணாவதா ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. 'இல்லையா?'ன்னு கேட்டவனை மறுத்து 'இருக்கே!'ன்னு சொல்ல பிரெஞ்சுல 'ஸி', ஜெர்மன்ல 'டோக்'. இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல நாலு வார்த்தை இருந்துச்சு. சாதாரணக் கேள்விக்கு யே, நே. எதிர்மறையா கேட்டா யெஸ், நோ. 1532-ல தாமஸ் மோர், பைபிளை மொழிபெயர்த்த டிண்டேலைத் திட்டி எழுதின புத்தகத்துல, 'நே' வரவேண்டிய இடத்துல 'நோ' போட்டுட்டார்னு இதுக்கும் ஒரு குட்டு வச்சிருக்கார். இங்கிலீஷ்காரங்களே குழம்பிப்போய் ரெண்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க. பெருமாள்மலைக்காரன் என்ன பண்ணுவான்?

நான் சொன்ன வைத்தியம் சின்னதுதான். யெஸ், நோவை மட்டும் தனியா விடாதே. பின்னாடியே முழு வாக்கியத்தை ஒட்டிடு. 'ஐ ஆம் ஃப்ரீ டுமாரோ.' முன்னாடி யெஸ் வந்தாலும் நோ வந்தாலும் வாக்கியம் காப்பாத்திடும். இதுக்கு இலக்கணமே தேவையில்ல, மூணு நாள் வாடகை மிச்சம்.

இனி கொஞ்சம் வேகமா ஓட்டுறேன்.

'ஐ ஆம் டிரைவிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. இதுல ரெண்டு கோளாறு. 'ஹேவ் பீன்' விஷயத்தை ஆறப் போடலாம். சின்ஸா, ஃபாரா? தமிழ்ல 'அஞ்சு வருஷமா'ன்னா ஃபார், '2019-லருந்து'ன்னா சின்ஸ். 'ஆ'ல முடிஞ்சா ஃபார், 'லருந்து'ல முடிஞ்சா சின்ஸ். ஸ்கூல்ல எனக்கு இதை 'பீரியட் ஆஃப் டைம்', 'பாயிண்ட் ஆஃப் டைம்'னு பாடம் எடுத்து, பரீட்சை எழுதி, மறந்தும் போச்சு. 'வருஷமா', 'வருஷத்துலருந்து'ன்னு ஒரு வாத்தியார்கூட சொல்லல. இங்கிலீஷ் வகுப்புல தமிழ் பேசினா அபராதம் இருந்த பள்ளிக்கூடம், எங்கருந்து சொல்லுவாங்க?

'ஐ ஹேவ் கோல்டு'. குளிருதுன்னு சொல்ல நினைச்சு, சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டான். வண்டியில இருந்த அம்மா பையைத் துழாவி ரெண்டு மாத்திரை எடுத்துக் குடுத்திருக்கு. மரியாதைக்கு வாங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டானாம். குளிருக்கு 'ஆம்', சளிக்கு 'ஹேவ்'. மலைமேல இருக்கிறவனுக்கு ரெண்டுமே வருஷம் பூரா தேவை.

'ஹாட்' இன்னொண்ணு. பஜ்ஜிக் கடையில ஹாட்டான்னு கேட்டது காரம்னு பயந்து. 'ஃபுல் ஹாட் சார், ஜஸ்ட் நவ்'னு இவன் பெருமையா சொன்னது சூட்டை. தட்டு அப்படியே திரும்பிப் போச்சு. இந்த ஒரு விஷயத்துல தமிழ்தான் பணக்கார மொழி, சூடு வேற காரம் வேற.

அடுத்து 'போடு'. டீ போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, ரூம் போடு, மொட்டை போடு. எல்லாத்துக்கும் 'புட்' போட்டா என்ன ஆகும்? பழனிக்கு ஒரு சவாரி வந்தப்ப, தலையைத் தடவிக்கிட்டு 'லாஸ்ட் மன்த் ஐ புட் மொட்டை ஹியர்'னு சொல்லியிருக்கான். அவங்களுக்கு மொட்டைன்னா ஏதோ பொருள், அதை இங்க வச்சுட்டுப் போயிருக்கான்னு புரிஞ்சுது. திருத்தி 'ஐ ஷேவ்டு மை ஹெட்'னு சொன்னா, நீயேவான்னு கேக்கிறாங்க. முடியெடுக்கிறவர் வேற, முடி குடுக்கிறவர் வேறன்னு காட்ட 'காட் மை ஹெட் ஷேவ்டு'. நமக்கு 'மொட்டை போட்டேன்'னா யார் கையில கத்தி இருந்துச்சுன்னு விளக்கவே வேண்டியதில்ல, ஊருக்கே தெரியும்.

பழனியில இன்னொரு கூத்து. மலைக்கோயிலுக்கு ஏத்திட்டுப் போற வண்டியை நாம 'விஞ்ச்'ங்கிறோம். அசல்ல விஞ்ச்ங்கிறது கயித்தைச் சுத்தி இழுக்கிற இயந்திரம் மட்டும். 'வீ சிட் ஆன் விஞ்ச்'னு கேட்டு அந்த ஐயா கொஞ்சம் கலவரமாயிட்டாராம்.

டிரைவர் பாஷையிலயே ஒரு பெட்டி நிறைய இருக்கு. பெட்ரோல் பங்க்கை எடுத்துக்கங்க. வெளியூர்க்காரனுக்கு பங்க்னா அடுக்குப் படுக்கை. டிக்கி, பிரிட்டிஷ்காரனுக்கு பூட், அமெரிக்கனுக்கு டிரங்க். ஸ்டெப்னி கதை இன்னும் அழகு. 1904 வாக்குல வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர்ல, ஸ்டெப்னி தெருவுல, ரெண்டு சகோதரர்கள் உபரிச் சக்கரம் பண்ணி வித்தாங்க. தெருப்பேரு சக்கரத்துக்குப் பேராச்சு. இன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னா பெரும்பாலான இங்கிலீஷ்காரங்களுக்கு விளங்காது. வத்தலக்குண்டு மெக்கானிக்குக்கு விளங்கும்.

ஊர்ப்பேர்லயே கண்ணி வச்சிருக்காங்க. கொடைக்கானல் 'ஹில் ஸ்டேஷன்', கொடைக்கானல் ரோடு 'ரயில்வே ஸ்டேஷன்', நடுவுல 80 கிலோமீட்டர். ரயில்ல இறங்கிட்டு, 'இதான் ஹில் ஸ்டேஷனா, ஹில் எங்கே?'ன்னு கேட்டவங்களை அவன் பார்த்திருக்கான். ஸ்டேஷன்னா வெள்ளைக்காரன் காலத்துல அதிகாரிகளும் பட்டாளமும் தங்கின ஊர். நாம 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போறது அந்தக் காலத்து மிச்சம்தான்.

மலைங்கிற வார்த்தையே ஒரு மலைப்பு. திண்டுக்கல் மலைக்கோட்டை இங்கிலீஷ்ல ராக். பழனி முருகன் மலை, ஹில். 2,500 மீட்டருக்கு மேல போற வந்தரவும் 'ஹில்ஸ்'லதான் சேர்த்தி. மவுண்டன்னு எப்ப சொல்லணும்ணேன்னு கேட்டான். அது வெள்ளைக்காரன் எந்த ஊர் மலையோட ஒப்பிட்டுப் பேர் வச்சான்ங்கிறதைப் பொறுத்ததுன்னு சொன்னேன். சிரிச்சான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பியர் ஷோலா. ஏரிக்குக் கொஞ்ச தூரத்துல இருக்கிற சின்ன அருவி. ஷோலான்னா என்னன்னு ஒரு மாணவி கேட்டிருக்கா, இங்கிலீஷ் பேருன்னு சொல்லிட்டான். கோக்கர் ஒரு துரை, பூங்காவுக்குப் பேர் குடுத்த பிரையண்ட் ஒரு துரை, 1863-ல ஏரியை உண்டாக்கின லெவிஞ்ச் ஒரு துரை. அந்த வரிசையில ஷோலாவும் ஒரு துரைன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்திருக்கான்!

"டேய், அது சோலைடா. கரடிச் சோலை."

போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "நம்ம சோலையாண்ணே?"

நம்ம சோலைதான். 1886-ல வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலயே தமிழ்ச் சொல்னு குறிச்சு வச்சிருக்காங்க. இன்னைக்கு உலகத்துல எந்தத் தாவரவியல்காரர் நம்ம மலைக்காட்டைப் பத்தி எழுதினாலும் ஷோலான்னுதான் எழுதியாகணும். கறி, கூலி, சுருட்டு, கட்டுமரம் எல்லாம் போன வழியிலதான் இதுவும் போயிருக்கு. அடுத்த வாரமே ஒரு சவாரியில 'ஷோலா ஈஸ் மை லேங்குவேஜ், சார்'னு சொன்னானாம். அந்த வாக்கியத்தை நான் திருத்தல.

அந்தப் பக்கத்துக்காரங்களுக்கும் கண்ணி உண்டு. கொடைக்கானல் ஊரா ஆனதுக்குக் காரணமே தமிழ் கத்துக்கிட்ட அமெரிக்கர்கள். 1834-ல மதுரைக்கு வந்த மிஷன்காரங்க காய்ச்சலும் காலராவும் தாங்காம மலையேறி, 1845-ல இங்க முதல் வீடுகளைக் கட்டினாங்க. பிள்ளைகளுக்காக 1901-ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்தான் இப்ப இருக்கிற கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூல். அவங்க நாட்டு மிரோன் வின்ஸ்லோ, இலங்கையிலும் சென்னையிலும் இருந்து உழைச்சு 1862-ல போட்ட தமிழ்-இங்கிலீஷ் அகராதி இன்னும் பயன்படுது. அவங்க மொழியில 'வீ' ஒண்ணுதான். நமக்கு நாம், நாங்கள்னு ரெண்டு. ஜெபம் பண்ணும்போது 'நாங்கள் பாவிகள்'னு சொல்லணும். 'நாம் பாவிகள்'னா கேட்டுக்கிட்டிருக்கிற கடவுளும் அந்தக் கணக்குல சேர்ந்துடுவார். புதுசா தமிழ் படிக்கிற பாதிரியாருக்கு இதைவிட ஆபத்தான கண்ணி வேற என்ன வேணும்?

நம்மாளு அதே கண்ணியில எதிர்ப்பக்கத்துலருந்து விழுந்தான். மதியம் ஒரு பரோட்டாக் கடை முன்னாடி நிறுத்தி, 'வீ ஈட் ஹியர், சார்'னு சொல்லியிருக்கான். நாங்க டிரைவருங்கல்லாம் சாப்பிடற இடம், நீங்க முன்னாடி இருக்கிற ரெஸ்டாரண்டுக்குப் போங்கங்கிற அர்த்தத்துல. அவங்களுக்கு 'நாம'ன்னு கேட்டிருச்சு. இறங்கி, பின்னாடியே வந்து, பெஞ்சுல இடிச்சுக்கிட்டு உக்காந்து, ஆளுக்கு மூணு பரோட்டா சால்னாவோட. மறுநாளும் அதே கடைதான் வேணும்னாங்களாம். இந்த மாதிரி தப்பு மாசத்துக்கு ஒண்ணு நடந்தா நல்லாருக்கும்.

போன வாரம் வண்டி சர்வீஸுக்குக் கீழ வந்தவன் வீட்டுக்கும் வந்தான். ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கான். இடது பக்கம் தமிழ் வார்த்தை, வலது பக்கம் அந்த வார்த்தை இங்கிலீஷ்ல எத்தனையா உடையுதுங்கிற கணக்கு. தெரியும் ரெண்டு. கேட்டேன் மூணு: காதுல விழுந்தா ஹியர், கவனிச்சா லிசன், கேள்வின்னா ஆஸ்க். போடு பக்கம் இன்னும் நிரம்பிக்கிட்டிருக்கு. முப்பது நாள் புத்தகத்தை மச்சினனுக்குக் குடுத்துட்டானாம்.

நோட்டுல ரெண்டு இடம் மட்டும் வலது பக்கம் காலி. ஒண்ணு, நாம எல்லாரும் ஒரு தடவையாவது மண்டையை உடைச்சுக்கிட்ட 'எத்தனாவது'. இன்னும் எத்தனை வளைவுன்னு கஸ்டமர் கேட்டா பதில் சொல்லிடறான். இது எத்தனாவது வளைவுன்னு இவன் அந்தக் குழந்தைங்ககிட்ட விளையாட்டாக் கேட்கணும்னா வழியில்ல. இன்னொண்ணு, இறக்கி விட்டுட்டுக் கிளம்பும்போது சொல்ற 'போயிட்டு வர்றேன்'. அதுக்கு 'ஐ கோ அண்ட் கம், சார்'னு சொல்லிக்கிட்டிருக்கான். சிலர் உடனே திரும்பி வருவான்னு நெனச்சு வாசல்லயே நின்னிருக்காங்களாம். 'பை' சொல்லிப் பழகுடான்னேன்.

"போறேன்னு எப்படிண்ணே சொல்றது, நல்லாவா இருக்கும்?"ன்னான்.

எனக்கும் வேற வார்த்தை கிடைக்கல. உங்கள்ல யாருக்காவது கிடைச்சா சொல்லுங்க, அவன் நோட்டுல எழுதிக்கச் சொல்றேன்.